ஊத்தாத தண்ணி

அருள் எத்தன வகைப்படும்னு கேக்காரு எங்க கோயிலு சின்னச்சாமியாரு. மைக்க விழுங்கிருவாரு போல. ஒருத்தியும் வாயத் தொறக்கல. தவக்காலத் தியானம்னு சொல்லி மத்தியானம் மூணு மணிக்குக் கோயில்ல கொண்டாந்து உக்கார வச்சா எவ வாயத் தொறப்பா. பாதிப்பேரு உக்காந்தபடிக்கே ஒறங்குதாளுவ, மிச்சப்பேருக்கு நெனப்பு பூரா வீட்டுல காயப்போட்ட கருவாட்டு மேல, காக்கா தூக்கிட்டுப் போயிருமோன்னு. எனக்குப் பதிலு தெரியும், சொல்ல மாட்டேன். எங்க காலத்துல அதுக்கு அருள்னா பேரு, இஷ்டப்பிரசாதம்லா. வேதபாடம் சொல்லிக்குடுக்குற உபதேசியாரு பெரம்ப வச்சுக்கிட்டு நிப்பாரு, ஒப்பிக்கலன்னா கெண்டைக்கால்ல விழும். ரெண்டு வகை. ஆத்துமத்துல குடியிருக்கது ஒண்ணு, ஆபத்து நேரத்துக்கு வந்து கைகுடுத்துட்டுப் போறது ஒண்ணு. குடியிருக்கது இருக்கே, அது ரோசக்காரப் பொம்பள மாதிரி, சாவான பாவம் ஒண்ணு செஞ்சாப் போதும், வீட்டக் காலி பண்ணிட்டுப் போயிரும். அதுபடி பாத்தா எனக்குள்ள வீடு காலியாக் கெடக்கு, இருபத்தெட்டு வருசமா. இந்தக் கோயில்ல ஒருத்திக்கும் தெரியாது. எனக்கு வலதுபக்கம் முழங்கைய இடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காளே, என் நாத்தனா பிரகாசி, அவளுக்கு என் கட்டை வேகுற வரைக்கும் தெரியக் கூடாதுன்னு இருக்கேன். கட்டை எங்க வேகும், நம்மளத்தான் புதைக்காகளே, என்னமோ வாயில வருது. அவ பிள்ளைக்கு ஞானஸ்நானத் தண்ணி ஊத்திட்டேன்னு அவகிட்ட சொன்னேன். ஊத்தல.

ஊத்தத் தெரியாதவ இல்ல நான். வியாகுலம் நர்சுன்னா இந்தக் கடக்கரை முழுக்கத் தெரியும். வியாகுலம்னு எனக்குப் பேரு வச்சவ வாய்க்குச் சர்க்கரைதான் போடணும், வேற பேரே கெடைக்கல அவளுக்கு. மிஷன் ஆஸ்பத்திரிப் பிரசவ வார்டுல முப்பத்தோரு வருசம். பெறக்கிற பிள்ளை பெழைக்காதுன்னு தெரிஞ்சுட்டா சாமியாருக்கு ஆளனுப்பிட்டுக் காத்திருக்க முடியுமா, அவரு செருப்பத் தேடி மாட்டிட்டு வாறதுக்குள்ள பிள்ளை போயிரும். அந்த மாதிரி நேரத்துல யாரு வேணா ஊத்தலாம்னு திருச்சபை சொல்லுது. நான்தான் ஊத்துவேன். பழைய டிஞ்சர் பாட்டில நல்லா வென்னியில அலசி, தண்ணி நெறச்சு, வெள்ளைக்கோட்டுப் பையிலயே வச்சிருப்பேன். தண்ணி தலையில பட்டாப் போதாது, ஓடணும். முடி மேல ஓடுனாப் போதாது, தோல்ல ஓடணும். ஊத்துற கையும் சொல்லுற வாயும் ஒரே ஆளா இருக்கணும், ஒரே நேரத்துல நடக்கணும், பிதா சுதன் பரிசுத்த ஆவின்னு மூணு பேரும் விடாம வரணும். ஒருத்தி ஊத்த ஒருத்தி சொன்னா அது செல்லாது. ஆஸ்பத்திரி மதர் எனக்குச் சொல்லிக்குடுத்தா, நான் எனக்குப் பின்னால வந்த பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக்குடுத்தேன். சோத்துல கைய வச்சிருப்பேன், மணி அடிக்கும், எச்சிக்கைய ஒதறிட்டு ஓடுவேன். என் வீட்டுக்காரரு கேப்பாரு, நீ என்ன மோட்சத்துக்கு வாட்ச்மேனான்னு. ஆமான்னு சொல்லுவேன். பெருமதான், ஏன் மறைக்கணும். சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கணும்லா, நான்தான் பூசாரி.

சின்னச்சாமியாரு இப்ப போர்டுல எழுதிப் போடுதாரு. சாக்பீசு கீச்சுங்குது, பல்லு கூசுது. புனிதமாக்குற அருளாம். உதவி அருளாம். ஞானஸ்நானம் மாதிரித் திருவருட்சாதனம் வழியா வர்ற அருளாம். ஊருக்கு ஒழைக்கிறதுக்குன்னு தனித்தனியாக் குடுக்கிற வரங்களாம். பொறவு இன்னொண்ணு, மனுசன் கேக்குறதுக்கு முன்னாலயே வந்து வாசல்ல நிக்கிற அருளாம். யாரு கூப்புட்டா. எங்கூட்டு வாசல்ல அப்படி ஒண்ணு வந்து நின்னதா நான் பாக்கல, நின்னிருந்தா அந்த மத்தியானம் என் கையப் புடிச்சிருக்கும்லா. வயசென்ன இருக்கும் இவருக்கு, முப்பதா. தாடிய ஒதுக்கி விட்டுக்கிட்டு, சிரிச்சுக்கிட்டு, அருள்ங்கிறது இலவசம் அம்மாமாரேங்காரு. பாவம் பண்ணிப் பாத்திருக்காரா இவரு, என்னத்தப் பண்ணிருப்பாரு, குருமடத்துல சோறு சரியில்லன்னு மொனங்கியிருப்பாரு. முழங்கால் விண்ணுன்னு தெறிக்குது, இந்த ஃபேன் வேற மூணு சுத்துக்கு ஒருக்கா டொக்குன்னு இடிக்குது. பொறவுதான் அந்தச் சொல்லச் சொன்னாரு. தண்ணி வாங்காமச் செத்துப்போன பச்சப்பிள்ளைக எங்க போவுதுன்னு தாய்மாரு கேக்காங்க, சாமி முகத்தப் பாக்காம எங்கயோ ஒரு மூலையில கெடக்குமின்னு பழைய ஆளுக சொல்லிப் பயங்காட்டி வச்சிருக்காங்க, கடவுள் தன்னோட அருளத் தண்ணிக்குள்ள கட்டிப்போட்டு வைக்கல, அந்தப் பிள்ளைகளும் அவரு மடியிலதான் இருக்கும்னு நாம நம்பலாம். அப்படின்னாரு. ஃபேன் டொக்குன்னுது. பிரகாசி முந்தானைய எடுத்து மூக்க உறிஞ்சினா. உறிஞ்சிட்டு என் தொடையில கைய வச்சு, "கேட்டியளா மதினி"ன்னா. கேட்டேன். காதுல ஈயத்த ஊத்துன மாதிரிக் கேட்டேன்.

அவ கை என் தொடையில. அந்தக் கைதான். அன்னைக்கு இவளுக்கு ஏழாம் மாசம் வளைகாப்பு, ஊரு முழுக்கக் கூடி நிக்கி, பொண்ணு செவப்பா உக்காந்திருக்கா. அண்ணன் பொண்டாட்டி நான், மொத வளையல நான்தான் போடணும்னு அத்தை கூப்புடுதா. பச்சை வளையல் ரெண்டு எடுத்துக்கிட்டுக் குனியுதேன். இந்தக் கைய இவ சட்டுன்னு உள்ள இழுத்துக்கிட்டா. "மதினி போட வேண்டாம்மா, வேற யாரையாவது போடச் சொல்லு." அவ்வளவுதான் சொன்னா. சத்தமாக் கூடச் சொல்லல. எனக்குக் கல்யாணமாகிப் பன்னெண்டு வருசம், வயித்துல ஒரு புழு பூச்சி இல்ல. கூட்டத்துல ஒரு கெழட்டு முண்ட, பிள்ளை அருமை மலடிக்குத் தெரியுமான்னு பழமொழி சொன்னா, நாலு பேரு சிரிச்சாளுவ. நான் வளையல தட்டுல வச்சுட்டு அடுப்படிக்குப் போயி எலுமிச்சஞ்சோறு அள்ளி வச்சேன், நூத்தி முப்பது பேருக்கு. ரெண்டு மாசத்துல அவ என் வார்டுக்கே வந்து விழுந்தா. கொடி சுத்திப் பிள்ளை கறுத்து வந்துது. டாக்டரம்மா வந்து பாத்துட்டு உதட்டப் பிதுக்கிட்டுப் போயிட்டா. ஆம்பளப் பிள்ளை. அங்கன ஓரத்துல தட்டிக்குப் பின்னால மேசையில கெடத்திட்டு நிக்கேன், பையில பாட்டிலு இருக்கு, எடுத்தேன், தொறந்தேன். மூடி ஒரு கையில, பாட்டிலு ஒரு கையில. சன்னல் வழியா வெயிலு பிள்ளை நெத்தியில விழுது. மூச்சு விட்டு விட்டு வருது. இழுத்துக்கிட்ட கை நெனப்புக்கு வருது. ஊத்தல. மறக்கல, தாமசமாகல, கை நடுங்கல. ஊத்தக் கூடாதுன்னே ஊத்தல. மூடிய போட்டுத் திருகிப் பைக்குள்ள வச்சேன். பிள்ளையத் துணியில சுத்தி அவ பக்கத்துல கெடத்தி, "ஊத்திட்டேன், கபிரியேல்னு பேரு விட்ருக்கேன்"னேன். கபிரியேலு செவுத்துல தொங்குன காலண்டர்ல அன்னைக்குப் போட்டிருந்த பேரு. அவ என் கைய எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிட்டா. நான் வெளிய போயிட்டேன். திரும்பி வாறதுக்குள்ள பிள்ளை போயிருச்சு.

பிரசங்கம் முடிஞ்சு இப்ப பாவத்தச் சொல்லி மன்னிப்பு வாங்குற பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசை. எனக்கு முன்னால ரெண்டு பேரு, எனக்குப் பின்னால பிரகாசி. சின்னச்சாமி பாவசங்கீர்த்தன மரத்தொட்டிக்குள்ள போயி உக்காந்துட்டாரு, கதவுக்கு அடியில செருப்பு மட்டும் தெரியுது. ரோஸ்மலர் டீச்சரு முட்டு போட்டவ எந்திரிக்கவே மாட்டங்கா, பள்ளிக்கூடத்துப் பாவம் பூராத்தையும் கொண்டாந்துட்டா போல. எனக்கு ஒடம்பு கொதிக்குது. மடியில இருக்குமாம். நம்பலாமாம். அப்ப நான் எச்சிக்கையோட ஓடுனது எதுக்கு. மாடிப்படியில விழுந்து முழங்கால ஒடச்சுக்கிட்டது எதுக்கு, இன்னைக்கும் தெறிக்கே. தண்ணி இல்லாமலே அவரு எடுத்துக்கிடுவாருன்னா எனக்கு என்ன வேலை அங்க, பூட்டே இல்லாத வீட்டுக்கு வாட்ச்மேனா இருந்துருக்கேன். சரி, அது போவட்டும், அதக் கூடப் பொறுத்துக்கிடுவேன். நான் ஊத்தாம விட்டேன் பாரு, அது என்னாச்சு. ஒரு பச்சப்பிள்ளைக்கு மோட்சத்த அடச்சேன்னு இருபத்தெட்டு வருசமா நெஞ்சுல கல்லத் தூக்கிச் சொமக்கேன். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் பூசையில நாக்க நீட்டி நன்மை அப்பம் வாங்குதேன், ஒவ்வொண்ணும் தேவதுரோகம்னு தெரிஞ்சே வாங்குதேன், வாங்கலன்னா ஊரு கேக்கும்லா. ஒரு பாவத்த ஒளிச்சு வச்சிட்டு மத்ததச் சொன்னா எதுவும் மன்னிக்கப்படாதுன்னு உபதேசியாரு சொல்லிருக்காரு. பொய் சொன்னேன் சாமி, கோவப்பட்டேன் சாமின்னு சில்லறைப் பாவமாப் பொறுக்கிச் சொல்லிட்டு வாறேன். இப்ப இந்தப் பய, சாமியாரப் பயன்னு சொல்லப்பிடாது, சொல்லுதேன், இந்தப் பய வந்து, கதவே இல்லைங்கான். நீ எத அடச்சேங்கான். நான் அடச்சேன்லா. என் கையால அடச்சேன். எம்பாவத்தக் கூட எங்கிட்டருந்து புடுங்கிட்டா எனக்கு மிச்சம் என்ன இருக்கு.

பின்னால நிக்கவளுக நெருக்குதாளுவ. பிரகாசி மூச்சு என் பிடரியில படுது. பங்குத் திருநாளு தவறாது, சீலா மீன்ல நடுத்துண்டாப் பாத்து எடுத்துக்கிட்டு வருவா. அதுக்குப் பின்னால ரெண்டு பெத்தா, அதுக வளந்து கல்யாணமும் ஆயாச்சு, இருந்தாலும் வருசா வருசம் பங்குனியில கபிரியேலு பேருக்குப் பூசை வைப்பா. பெரியசாமியாரு பீடத்துல நின்னு, இறந்த குழந்தை கபிரியேல் ஆன்ம இளைப்பாற்றிக்காகன்னு வாசிப்பாரு. காலண்டர்ல கெடந்த பேர, நான் வாய்க்கு வந்தபடி விட்ட பேர, கோயிலே எந்திரிச்சு நின்னு கேக்கும். அந்த மீனத் தின்னுருக்கேன். புளி ஊத்தி, மாங்காப் போட்டு. எப்படித் தொண்டையில எறங்குச்சுன்னு கேக்காதீங்க, நல்லாத்தான் எறங்குச்சு. என் வீட்டுக்காரரு போய்ச் சேந்த பொறவு என்னையப் பாக்க வாற ஒரே ஆளு இவதான், சுகர் மாத்திர வாங்கித் தாறது இவதான், அதுலதான் எனக்கு எரிச்சலு. திட்டுனாத் தேவல. ஒருநாளாவது இவ எங்கூடச் சண்ட போட்டிருந்தா நான் நிம்மதியா அவள வெறுத்துட்டுக் கெடப்பேன். வெறுக்கவும் விட மாட்டங்கா. ரோஸ்மலர் டீச்சரு எந்திரிச்சுட்டா. கண்ணத் தொடைக்கா, நல்லா அழுவட்டும். எனக்கு முன்னால இன்னும் ஒருத்திதான். ஒருத்தி முடிஞ்சா நான். உள்ள போயி என்னத்தச் சொல்ல. ஊத்தலன்னு சொன்னா இவரு சிரிச்சுக்கிட்டே, பரவாயில்லம்மா, அருள் இலவசம்பாரு. பரவாயில்லன்னு சொல்ல இவரு யாரு. இவரு பிள்ளையா செத்துது. பரவாயில்லன்னு சொல்லவோ காறித் துப்பவோ பாத்தியதை உள்ளவ என் பின்னால நிக்கா. நின்ன வாக்குலயே அவ பக்கம் திரும்பிட்டேன்.

"ஏட்டி பிரகாசி, ஒம்பிள்ளைக்கு நான் தண்ணி ஊத்தல"ன்னேன். மெதுவாத்தான் சொன்னேன். சொல்லி முடிச்சதும் கன்னத்துல அறை விழும்னு மொகத்தக் கூடத் தயாரா வச்சிருந்தேன். அவ என்னப் பாத்தா. "தெரியும் மதினி"ன்னா. என்னட்டி தெரியும்னேன். "தல காஞ்சு கெடந்துதுலா. பெறக்கையில மேல படிஞ்சிருந்த வெள்ள மாவு அப்படியே முடியில ஒட்டிக்கிட்டு இருந்துது. நீங்க ஊத்துனா தொடச்சு விடுவீங்க, துணி நனஞ்சிருக்கும். பக்கத்து பெட்டுக்காரி பிள்ளைக்கு நீங்க ஊத்துனத முந்துன நாளு பாத்துட்டுத்தான இருந்தேன்." தெரிஞ்சா ஏண்டி கேக்கல, ஏன் மீனக் கொண்டாந்து கொட்டுன, ஏன் என் கையக் கண்ணுல ஒத்துனன்னு வாயில வந்ததெல்லாம் கேட்டேன். "கண்ணுல ஒத்தும்போது தெரியாது, நீங்க போன பொறவுதான் துணிய வெலக்கிப் பாத்தேன்"னா. "வெளிய சொன்னா மத்த தாய்மாரு, நம்ம பிள்ளைக்கும் இவ ஊத்துனாளோ ஊத்தலியோன்னு நெனச்சு நெனச்சே சாவாளுவல்லா மதினி. எத்தன பேருக்கு நீங்க ஊத்திருப்பீய. என் ஒருத்தியோட போவட்டும்னு விட்டுட்டேன்." சொல்லிட்டு மூக்க உறிஞ்சினா. எனக்கு ஆங்காரமா வந்துது. இவ பெரிய மனுசி ஆயிட்டா, நான் மட்டும் குப்பையா. "வளையலுக்காகத்தான்டி அப்படிச் செஞ்சேன், வளைகாப்புல கைய இழுத்தியே, நெனப்பிருக்கா"ன்னேன். அவ நெத்தியச் சுருக்கி ரொம்ப நேரம் யோசிச்சா. "எந்த வளையலு மதினி"ன்னா. நடிக்கல அவ. நெசமாவே நெனப்பில்ல. நான் எதுக்காக ஒரு பிள்ளையக் கைவிட்டேனோ, அது அவ மண்டையில ஒருநாளு கூடத் தங்கல.

பொறவு அவ கிட்ட வந்து, சின்னப் பிள்ளை மாதிரி என் சேலையப் புடிச்சுக்கிட்டு, கொரலத் தாழ்த்திக் கேட்டா. "நானே ஊத்தினேன் மதினி. எந்திரிக்க முடியல, தையலு போட்டுருந்துது. கைக்கு எட்டுன எடத்துல அவுக வாங்கி வச்ச இளநி டம்ளருதான் இருந்துது. அத எடுத்துத்தான் தலையில ஊத்தி, பிதா சுதன் பரிசுத்த ஆவின்னு சொன்னேன், விடாமச் சொன்னேன். பேரும் நீங்க விட்ட பேரையே விட்டேன், வேற பேரு வாயில வரல. ஊத்துனப்போ கண்ணத் தொறந்தான் மதினி. இத்தன வருசமா எவருகிட்டயும் கேக்கப் பயம். இன்னைக்குச் சாமி நம்பலாம்னாரு, நிச்சயம்னு சொல்லலல்லா. உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும். இளநி செல்லும்லா?" முப்பத்தோரு வருசம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்குடுத்த வாயி என் வாயி. ஆத்துத்தண்ணி செல்லும், கெணத்துத்தண்ணி செல்லும், கடத்தண்ணி செல்லும், உருகுன ஐசு செல்லும். பாலு செல்லாது, எச்சி செல்லாது, கண்ணீரு செல்லாது, கள்ளு செல்லாது, இளநி செல்லவே செல்லாது, அது மரத்துச் சாறு, தண்ணி இல்ல. இத மதர் எனக்குப் படிச்சுப் படிச்சுச் சொல்லிருக்கா. நான் நின்னு அவ மொகத்தப் பாத்தேன். வேர்த்துப்போன மேலுதடு, நரச்ச புருவம், வாயி லேசாத் தொறந்திருக்கு. "செல்லும்"னேன். "இளநியும் தண்ணிதான். சுத்தமான தண்ணி. ஒம்பிள்ளைக்கு நல்லாவே செல்லும் போ." அவ அப்படியே என் தோள்ல தலையச் சாச்சு விக்கி விக்கி அழுதா, ஜாக்கெட்டு நனஞ்சு போச்சு. அதுக்குள்ள முன்னால போனவ எந்திரிச்சுட்டா, என்னையக் கூப்புடுதாக.

முட்டு போட்டேன். கம்பி வலைக்கு அந்தப்பக்கம் சின்னச்சாமி காதக் குடுத்துக்கிட்டு இருக்காரு, சோப்பு வாசன வருது. எல்லாத்தையும் சொன்னேன். வளையலு, பாட்டிலு, மூடி, இருபத்தெட்டு வருசத்து நன்மை, எதையும் விடல. அவரு சிரிக்கல, பரவாயில்லன்னும் சொல்லல. பொறவு, வேற ஏதாவது இருக்காம்மான்னு கேட்டாரு. இருக்கு சாமி, இப்ப வெளிய வரிசையில நின்னுக்கிட்டு ஒரு பொய் சொன்னேன், திருவருட்சாதனத்தப் பத்திப் பொய், தெரிஞ்சே சொன்னேன்னேன். எல்லாத்துக்கும் மனசு வருந்தி மனஸ்தாபப்படுறீங்களான்னாரு. மனஸ்தாபம் இல்லன்னா மன்னிப்பு இல்லங்கது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மத்த எல்லாத்துக்கும் படுதேன் சாமி, கடைசியாச் சொன்னதுக்கு மட்டும் பட மாட்டேன்னேன்.